நாற்பத்தொரு பேருக்கு வணக்கம்

தம்பி, அது கம்ப்யூட்டர் பைதானே? அப்படின்னா நீங்கதான் சரியான ஆளு. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, நானும் உக்காந்துக்கிறேன். பஸ்ஸு ராம்நாடு போய்ச் சேர எப்படியும் ஒண்ணேகால் மணி நேரம் ஆகும். அதுக்குள்ள இந்த விசயத்தை ஒங்ககிட்ட ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கிறேன். ஆபீஸ்ல போயிச் சொல்றப்பக் கோவத்துல ஏதாச்சும் விட்டுப்போச்சுன்னா, அப்புறம் அவுக சொல்றதுதான் நெசம்னு ஆகிப்போகும்.

விசயம் ஒண்ணுதான். எங்கிட்டேருந்து மைக்கைப் புடுங்கிட்டாக. அதைத் திருப்பிக் குடுக்கச் சொல்லி மனு கொண்டு போறேன். பதினோரு பக்கம். நானே எழுதுனது.

எம் பேரு தனுஷ்கோடி. ஊரு கொம்பனேந்தல், ஆர்.எஸ்.மங்கலத்துலேருந்து உள்ள ஒம்பது கிலோமீட்டர். கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, கேள்விப்பட அங்க ஒண்ணும் இல்ல. மழை பேஞ்சா மொளகா, பேயாட்டிக் கருவேலமரத்தை வெட்டிக் கரிமூட்டம். அதுவும் இல்லையா, ஆம்பளைக எல்லாம் வடக்க முறுக்குக் கம்பெனிக்கு ரயிலேறிருவாக. ஊரு அம்புட்டுத்தான். ஆனா எங் கொரலை நீங்க எங்கயாச்சும் கேட்டிருக்கலாம். முப்பது வருசமா மைக்கு புடிக்கிறவன் நான். கல்யாணம், காதுகுத்து, கபடிப் போட்டி, அய்யனாருக்குப் புரவி எடுப்பு, அந்தக் கட்சி இந்தக் கட்சின்னு பாக்காம எல்லாக் கூட்டமும். சுத்துப்பட்டு நாப்பது ஊருல தனுஷ்கோடி மைக்கைத் தொட்டாருன்னா அழுகுற புள்ளயும் நிறுத்திக் கேக்கும்னு சொல்லுவாக. நான் சொல்லல, அவுக சொல்றது.

எங்க ஊருக்கு இன்டர்நெட்டு வந்ததே பின்தங்கின எடம்னு ஒரு கணக்கு வச்சுத்தான். ஒரு தொண்டு நிறுவனம், வெளிநாட்டு உதவி. கடலோரத்துல நாலு ஊரு, உள்நாட்டுல ஆறு ஊரு, ஆகப் பத்து ஊருல ஊருக்கொரு கம்ப்யூட்டர். எங்க ஊருல பழைய சத்துணவுக் கூடத்துக்கு வெள்ளையடிச்சு அதுல வச்சாக. அதைப் பாத்துக்கிறதுக்கு சகாயராணின்னு பக்கத்து ஊருப் புள்ளயப் போட்டாக. பன்னெண்டாவது படிச்ச புள்ள. காலையில ராம்நாட்டுல, பரமக்குடியில, விருதுநகர்ல மொளகா வத்தல் என்ன வெலைன்னு அதுல வரும். மழை எங்க பேயுது, காத்து எப்படி, எந்த ஆபீஸ்ல எதுக்கு விண்ணப்பம் குடுக்கிறாக, அம்புட்டும் வரும். சரி, வந்தது கம்ப்யூட்டருக்குள்ளயே கெடந்தா ஊருக்கு எப்படித் தெரியும்? ஊருல செல்போன் வச்சிருக்கவுக மூணு பேரு. அதுவும் தண்ணித்தொட்டி மேல ஏறுனாத்தான் எடுக்கும். அதனால ஒலிபெருக்கிக் கொழாய் கட்டி மைக்குல சொல்லணும்னு முடிவு பண்ணுனாக. ஊருக் கூட்டத்துல தெய்வேந்திரன் சாரு, அவருதான் அந்த நிறுவனத்துல பெரியவரு, நல்ல கொரலு உள்ள ஆளு யாரு இருக்காகன்னு கேட்டாரு. மொத்த ஊரும் என் பக்கம் திரும்புச்சு. அதையெல்லாம் இன்னைக்கு யாரும் ஞாபகம் வச்சுக்கல.

சம்பளம் கெடையாது தம்பி. அதை எழுதிக்கங்க. ஒத்த ரூவா வாங்கல. ரெண்டு வருசம், ஒருநாள் விடல.

அந்தப் புள்ள என்ன பண்ணும்னா, ஒரு துண்டுச்சீட்டுல மூணு வரி எழுதிக் குடுக்கும். 'ராம்நாடு இன்ன வெலை. பரமக்குடி இன்ன வெலை. நாளை மூட்டம்.' அம்புட்டுத்தான். உப்பு இல்லாத கஞ்சி மாதிரி. அதை அப்படியே படிச்சா யாரு கேப்பா? நான்தான் அதுக்கு உசுரு குடுப்பேன். முதல்ல வணக்கம். "கொம்பனேந்தல் மண்ணின் மாண்புமிகு பெரியோர்களே, தாய்மார்களே, வீரத்தின் விளைநிலமாம் இளைஞர்களே"ன்னு எடுப்பேன். அப்புறம் பேரு சொல்லி வணக்கம். அம்பலம் வீரபத்திரன் அவர்களே, ஊராட்சி மன்ற முன்னாள் தலைவர் சண்முகநாதன் அவர்களே, பால் சொசைட்டி, ரேசன் கடை, கோயில் டிரஸ்டி, பள்ளிக்கூடத்து சாரு, மகளிர் குழுத் தலைவிக நாலு பேரு, இப்படி வரிசையா நாப்பத்தொரு பேரு. தனியா ஒரு நோட்டுப் போட்டு வச்சிருந்தேன்.

சிரிக்காதீங்க. நீங்க டவுனு ஆளு, ஒங்களுக்கு இது வேடிக்கையாத்தான் இருக்கும். எங்க ஊருல ஒரு பேரு விட்டா என்ன ஆகும்னு ஒங்களுக்குத் தெரியாது. பதினோரு வருசத்துக்கு முன்னாடி புரவி எடுப்புல, கூட்ட நெரிசல்ல சண்முகநாதன் பேரை விட்டுட்டேன். வேணும்னு விடல. அந்தானைக்கு, அந்த நிமிசமே, மனுசன் தன் வீட்டு மண்குதிரையைத் தூக்கிட்டுப் போயிட்டாரு. அவரு பங்காளிக எட்டு வீடும் பின்னாலேயே போச்சு. ரெண்டு வருசம் ஊருல சாமி கும்புடல தம்பி. எங்க வீட்டு வாசல்ல வந்து எட்டு வீட்டுப் பொம்பளைகளும் மண்ணை வாரித் தூத்துனாக. அன்னையிலேருந்து நான் நோட்டு இல்லாம மைக்கைத் தொட மாட்டேன்.

அதுலயும் ஊருப் பெரியதனம் பாக்குற அம்பலத்தை முதல்ல சொன்னா முன்னாள் தலைவருக்கு ஆகாது. அவரை முதல்ல சொன்னா அம்பலத்துக்கு ஆகாது. நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். திங்கள், புதன், வெள்ளி அம்பலம் முதல்ல. செவ்வாய், வியாழன், சனி முன்னாள் தலைவர் முதல்ல. ஞாயித்துக்கெழமை பேரே சொல்லாம 'இருபெரும் தூண்களே'ன்னு முடிச்சுக்குவேன். ரெண்டு வருசம் ஒரு சண்டை வந்திருக்குமா? இதை எந்தக் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுத்துச்சு?

வணக்கம் முடிய இருவது நிமிசம் ஆகும். அப்புறம் இன்டர்நெட்டுன்னா என்ன, அது எப்படி வானத்து வழியா வருதுன்னு ஒரு அஞ்சு நிமிசம். அப்புறம் வெலை. சாயங்காலம் நாலரைக்கு ஆரம்பிச்சா அஞ்சு மணிக்கு முடிஞ்சிரும். ஒரு ஊருக்கு அரை மணி நேரம் ஒக்காந்து கேக்க முடியாதா?

கேட்டாக, கேக்கலைன்னு சொல்லல. அதுலயும் ராக்குன்னு ஒரு பொண்ணு. எனக்குத் தங்கச்சி முறை. அது மாதிரி கேக்குற ஆளு கெடைக்காது. அது புருசன் சேதுராசு ஒரிசாவுல முறுக்குக் கம்பெனியில மாவு பெசையிறவன். பொங்கலுக்கு வருவான், பத்து நாள் இருப்பான், போயிருவான். கல்யாணமாகி ஏழு வருசத்துல சேந்தாப்புல ஒரு மாசம் அவன் வீட்டுல இருந்ததில்ல. மூத்த புள்ள அவனைப் பாத்தா யாரோ விருந்தாளின்னு நெனச்சு உள்ள ஓடிரும்னு ராக்கு சொல்லிச் சிரிக்கும். சிரிப்பு ஒண்ணும் நல்லா இருக்காது.

இந்த வருசம் ராக்கு ரெண்டு ஏக்கரைக் குத்தகைக்குப் புடிச்சு மொளகா போட்டுச்சு. ஒத்தை ஆளு. தண்ணியில்லாத நேரம் கம்மாய்க் குழியிலேருந்து கொடத்துல தூக்கிச் செடிக்குச் செடி ஊத்துச்சு. பொங்கலுக்கு வந்தவனை 'இந்தத் தடவை போக வேணாம், இருங்க, வத்தல் வீடு சேரட்டும், ஆடு வாங்கிக்குவோம், நீங்க மேய்ச்சுக்கிட்டு இங்கயே இருக்கலாம்'னு நிறுத்தி வச்சிருச்சு. அவனும் இருந்தான். ரெண்டு பேருமாப் பழம் பறிச்சாக. அதுக காயப்போடுற களம் கம்மாய்க்கரைக்கு அங்கிட்டு, ஊருலேருந்து முக்காக் கிலோமீட்டர். கொழாய்ச் சத்தம் அங்க கேக்கலண்ணேன்னு எங்கிட்ட வந்து நின்னுச்சு. நான்தான் தெய்வேந்திரன் சாருகிட்ட சண்டை போட்டு அந்தக் களத்துல ஒரு கம்பம் நட்டு நாலாவது கொழாயைக் கட்ட வச்சேன். இதையும் மனுவுல போட்டிருக்கேன், மூணாவது பக்கம்.

மாசி மாசம் வத்தல் யாவாரி வந்து வெலை கேட்டப்ப ராக்கு அவன் மொகத்துக்கு நேரா விருதுநகர் வெலையைச் சொல்லியிருக்கு. வெலையைச் சேத்துக் கேட்டுட்டுப் போனான். முந்தியெல்லாம் அவன் சொன்னதுதான் வெலை. அன்னைக்கு ராக்கு வந்து "நீங்க சொன்னதுண்ணே"ன்னுச்சு. நெஞ்சு நெறஞ்சு போச்சு எனக்கு.

ஆனா அன்னைக்கே இன்னொண்ணும் கேட்டுச்சு. வெலையை மொதல்ல சொல்லிட்டு வணக்கத்தைப் பின்னால சொன்னா என்னண்ணேன்னு. அடுப்புல சோறு கெடக்கு, கேட்டுட்டு ஓடணும்னு. நான் சிரிச்சேன். எலை போடாம சோத்தைத் தரையிலயா போடுவாகன்னு கேட்டேன். அதுவும் சிரிச்சுக்கிட்டுப் போயிருச்சு. அதுக்குப் பொறகு கேக்கல.

இப்ப அந்த நாளுக்கு வர்றேன்.

மாசிக் கடைசி, வியாழக்கிழமை. நான் புதன்னு நெனச்சேன், அதைப் பொறகு சொல்றேன். மூணு நாளா ஒரே மூட்டம். ஊரு மக்களுக்கு வத்தலை அள்ளுறதும் விரிக்கிறதுமாச் சலிச்சுப்போச்சு. அள்ளுனா வெயிலடிக்கும், விரிச்சா இருட்டிக்கிட்டு வரும். பழம் பாதி காஞ்சு பாதி காயாம இருக்கிற நேரம், சாக்குல அள்ளி வச்சாலும் புழுங்கிக் கெட்டுப்போகும், மழையில நனைஞ்சா வெள்ளை விழுந்து ஒரு நாயும் வாங்காது. அதனால ஊரே பேசி வச்சுக்கிச்சு, நம்ம வானத்தைப் பாத்து ஏமாற வேணாம், மைக்குல சொல்லட்டும், அப்ப அள்ளுவோம்னு. அம்புட்டு நம்பிக்கை.

மத்தியானம் மூணே முக்காலுக்கு சகாயராணி எங்க வீட்டுக்கு ஓடி வந்துச்சு. நான் சாப்புட்டு அசந்திருந்தேன். தொண்டியில பெருமழை புடிச்சிருச்சுன்னு அந்த ஊருப் புள்ள கம்ப்யூட்டர்ல அடிச்சிருக்கு. அடுத்த ஊரும் அடிச்சிருக்கு. அப்படியே மேற்க வருது, ஒரு மணி நேரத்துல நம்ம ஊருன்னு சீட்டு எழுதிக் கொண்டாந்துச்சு. பாருங்க தம்பி, இதுதான் இன்டர்நெட்டு. கடலோரத்துல நனையிறவன் உள்நாட்டுல இருக்கிறவனுக்குச் சொல்றான். இந்த மாதிரி ஒரு ஏற்பாட்டை நான் குத்தம் சொல்லவே மாட்டேன்.

உடனே எந்திரிச்சேன். சட்டையைப் போட்டுக்கிட்டே கொல்லைப் பக்கம் திரும்பி எம் பொண்டாட்டி பூமயிலுகிட்ட, 'மழை வருது, அள்ளு'ன்னேன். வேட்டியை மாத்துனேன், துண்டைப் போட்டேன். அழுக்கு வேட்டியோட நான் மைக்கு முன்னால நின்னதில்ல. நோட்டை எடுத்துக்கிட்டு வெரசாப் போனேன். நாலு மணிக்கு மைக்கைப் போட்டாச்சு. வழக்கமா நாலரைக்குத்தான் போடுவேன். அரை மணி நேரம் முன்னாடியே போட்டிருக்கேன். இதை யாராச்சும் சொல்றாகளா?

அவசரம்னு எனக்குத் தெரியாதா தம்பி? இன்டர்நெட்டு வெளக்கத்தைக்கூட நல்லாச் சுருக்கிறணும்னு மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டுத்தான் ஆரம்பிச்சேன். ஆனா எப்பவும் இல்லாத நேரத்துல மைக்கு அலறுதுன்னா ஊரு காதைத் தீட்டிக்கிட்டு இருக்கும். அன்னைக்குப் பாத்து ஒரு பேரு விட்டா என்ன ஆகும்? நோட்டைப் பிரிச்சு, அம்பலத்துலேருந்து எடுத்து, ஒரு பன்னெண்டு பதிமூணு பேரு போயிருக்கும். சண்முகநாதன் மகன் வாசல்ல வந்து நிக்கிறான். "இன்னைக்கு வியாழக்கெழம"ன்னான். எனக்குக் கை ஓடல கால் ஓடல. தூக்கக் கலக்கத்துல கெழமையை மாத்திப்புட்டேன்.

என்ன செய்யிறது? மன்னிப்புக் கேட்டுட்டு மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சேன். அது ஒண்ணுதானே மொறை?

அந்தப் புள்ள சகாயராணி பின்னாலேருந்து என் துண்டைப் புடிச்சு இழுக்குது. சின்னப்புள்ள, மேடை மொறை தெரியாது. அதோட பேரும் சொல்லணும்போலன்னு நெனச்சு, 'கணினியின் காவலர் சகோதரி சகாயராணி அவர்களே'ன்னு சேத்துக்கிட்டேன். அது தலையில அடிச்சுக்கிட்டு வெளிய ஓடிருச்சு. தெருவுல கத்திக்கிட்டே ஓடியிருக்கு. கொழாய்ல எங் கொரலு போறப்ப அது கொரலு எவனுக்குக் கேக்கும்? பக்கத்துல இருந்த நாலஞ்சு வீட்டுக்காரக அள்ளியிருக்காக.

நான் முப்பத்தெட்டாவது பேருல இருக்கேன். வெளிய காத்து கெளம்புது. சன்னல் கதவு அடிக்குது. நோட்டுல பேரைப் பாக்குற நேரம் போக நான் கண்ணை மூடிக்கிட்டுத்தான் பேசுவேன், அதுதான் பழக்கம். நாப்பத்தொண்ணு முடிச்சு, இன்டர்நெட்டுப் பத்தி ரெண்டே வார்த்தை சொல்லி, 'ஆகவே எனது அருமை மக்களே'ன்னு விசயத்துக்கு வர்றேன், கண்ணைத் தொறந்து பாத்தா மைக்குல இருக்குற செவப்பு லைட்டு எரியல. கரண்டு போயிருச்சு. எப்பப் போச்சுன்னே தெரியல. கம்ப்யூட்டருக்கு பேட்டரி குடுத்தாக, மைக்குக்குக் குடுக்கல. இதை மனுவுல அடிக்கோடு போட்டு எழுதியிருக்கேன். தப்பு அங்க இருக்கு தம்பி. வெளிய வந்து பாக்குறேன், மழை சரம் சரமா எறங்குது.

மொத்தம் அரை மணி நேரத்துக்கு மேல ஒரு அஞ்சு நிமிசம். அம்புட்டுத்தான் நான் பேசுனது.

ராக்கு என்ன பண்ணியிருக்கு தெரியுமா? சகாயராணி கம்மாய்க்கரை வரைக்கும் ஓடிப் போறதுக்குள்ள மழை புடிச்சிருச்சு. அங்க போயிப் பாத்தா களம் பூராவும் வத்தல் விரிச்ச மேனிக்குக் கெடக்காம். ராக்கு கொழாய்க் கம்பத்துக்குக் கீழ நிக்குதாம். கையில சாக்கு. சேதுராசு தார்ப்பாயைப் புடிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் நிக்கிறானாம். அவன் நாலு தடவை அள்ளிருவோமான்னு கேட்டிருக்கான். 'இருங்க, அண்ணன் பேசுறாக, என்னமோ சொல்லப்போறாக, கேட்டுக்குவோம்'னு இது நிறுத்தியிருக்கு. கொழாய் நின்னதுக்குப் பொறகும் நின்னுருக்கு. மழை விழுந்து, செவப்புத் தண்ணி கால்ல ஓடறப்பதான் குனிஞ்சு அள்ளுனுச்சாம். கையால. அள்ள அள்ளக் கரைஞ்சு போச்சாம்.

இதை அந்தப் புள்ள ஊருக் கூட்டத்துல சொல்லுச்சு. எனக்குப் பெருமையா இருந்துச்சு தம்பி. பொய் சொல்லல. எங் கொரலுக்கு மதிப்புக் குடுத்து ஒரு மனுசி மழையிலயும் நின்னுருக்கா. எந்தப் பேச்சாளனுக்கு அது கெடைக்கும்? அதைத்தான் நான் அன்னைக்குக் கூட்டத்துலயும் சொன்னேன். ஒருத்தரும் கேக்குற மாதிரி இல்ல.

கூட்டத்துல முதல்ல எந்திரிச்சது யாருங்கிறீங்க? அம்பலம். எந்த மனுசனை முந்தியெல்லாம் ரெண்டாவது சொன்னா மூணு நாளு எங்கிட்டப் பேச மாட்டாரோ, அவரு. மழை வர்ற நேரத்துல ஒனக்கு என்னய்யா வணக்கம்னு கேக்குறாரு. முன்னாள் தலைவரு, வாழ்க்கையில முதல் தடவையா, அம்பலம் சொல்றது சரிங்கிறாரு. பதினோரு வருசமா ஒட்டாத ரெண்டு பேரு, என்னைத் திட்டுறதுல ஒட்டிக்கிட்டாக. ஒங்க மகன்தானேய்யா வந்து கெழமை சொன்னாருன்னு கேட்டேன். 'அவன் சின்னப்பய, நீ பெரிய மனுசன்தான'ன்னாரு.

அப்புறம்தான் யாரோ ஒருத்தன், எங்க வீட்டு வத்தல் தார்ப்பாய்க்குக் கீழ காஞ்சபடிக்கு இருக்கே, அது எப்படின்னு கேட்டான். மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? எம் பொண்டாட்டிகிட்ட மழை வருது, அள்ளுன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன், அவ அள்ளிட்டான்னு சொன்னேன். அப்ப எங்களுக்கும் அந்த மூணு வார்த்தையச் சொல்லியிருக்க வேண்டியதுதானேன்னு கேக்குறாக.

இங்க பாருங்க, இதுதான் என்னால தாங்க முடியாதது. அவ வீட்டு ஆளு. வீட்டு ஆளுக்கு எவனாச்சும் வணக்கம் சொல்லுவானா? ஊரு சபை. சபைக்கு ஒரு மொறை இருக்குல்ல? நாப்பத்தொரு குடும்பத்தை மதிச்சு நான் பேசுறேன். வீட்டுல பேசுற மாதிரி ஊருகிட்டப் பேசுனா அது அவமானம் இல்லையா? இதைச் சொல்லிப் பாத்தேன். ஒவ்வொருத்தரா எந்திரிச்சு வீட்டுக்குப் போயிட்டாக. வெக்கப்பட்டுட்டாக போலன்னு நெனச்சேன். மறுநாள் பாத்தா தெய்வேந்திரன் சாரு ஆபீஸ்லேருந்து கடுதாசி வருது, இனிமே சகாயராணியே மைக்குல சொல்லட்டும்னு.

அது எப்படிச் சொல்லுதுன்னு கேளுங்க. டொக்குன்னு ஒரு சத்தம். "ராம்நாடு வெலை இம்புட்டு. நாளைக்கு மழையில்ல." மறுபடி டொக். முடிஞ்சுபோச்சு. நான் வாட்ச்சை வச்சுப் பாத்தேன், பதினோரு விநாடி. யாருக்குச் சொல்றோம், யாரு சொல்றோம், ஒண்ணும் கெடையாது. நாய்க்குச் சோறு வைக்கிற மாதிரி வச்சுட்டுப் போயிருது. ஊரு அதைக் கேட்டுட்டுத் தலையை ஆட்டிக்கிட்டு வேலையைப் பாக்கப் போயிருது. நேத்து அம்பலம் கடைவாசல்ல உக்காந்து அதைக் கேட்டுட்டு, சரின்னு எந்திரிச்சுப் போறாரு. வணக்கம் எங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. ரெண்டு வருசம் எங்கிட்டக் கேட்டவரு.

எனக்கு ராத்திரி தூக்கமே வரல இந்த ஒரு மாசமா. சாயங்காலம் நாலரை ஆனா வேட்டியை மாத்தச் சொல்லிக் கை பரபரங்குது. பூமயிலு எதுத்தாப்புல உக்காந்து வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கிட்டு இருப்பா. போன வாரம் பாக்குறேன், வீட்டுல ரெண்டு மூட்டை வத்தலைக் காணோம். எங்கடின்னேன். 'ராக்குக்குக் குடுத்துட்டேன்'னா. என்னை ஒரு வார்த்தை கேக்கல. குடுக்க வேணாம்னா சொல்லப்போறேன்? இருந்தாலும் நாலு பேரைக் கூட்டி வச்சு, மொறையா ஒரு வார்த்தை பேசிக் குடுத்திருந்தா வாங்குறவுகளுக்கும் மரியாதை, நமக்கும் மரியாதை. பொழுது விடியிறதுக்குள்ள தலையில தூக்கிட்டுப் போயி அதுக வீட்டு வாசல்ல வச்சுட்டு வந்திருக்கா.

தெய்வேந்திரன் சாருக்குப் போன் போட்டேன். ஊரு மக்க கேட்டா யோசிக்கலாம்னாரு. சரின்னு மனுவுக்குக் கையெழுத்து வாங்கக் கெளம்புனேன். நோட்டுல இருக்கிற நாப்பத்தொரு பேரு வீட்டுக்கும் போனேன். அம்பலம் அப்புறம் பாப்போம்னாரு. முன்னாள் தலைவரு அம்பலம் போடட்டும், போடுறேன்னாரு. ரேசன் கடைக்காரரு கண்ணாடி இல்லைன்னாரு, மூக்குல போட்டுக்கிட்டே. பூமயிலுகிட்ட நீட்டுனேன். எனக்குக் கையெழுத்து மறந்துபோச்சுன்னுட்டா. ஒத்தக் கையெழுத்து, என்னோடது மட்டும்தான் இருக்கு.

இன்னைக்குக் காலையில பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன். ராக்கு வந்துச்சு. சேதுராசைப் பஸ் ஏத்திவிட வந்திருக்கு. ஆமா, திரும்ப ஒரிசாவுக்கே போறான். ரெண்டு புள்ளையும் கூட வந்துச்சுக. சின்னது அவன் சட்டையைப் புடிச்சுக்கிட்டு விடல. மூணு மாசம் சேந்தாப்புல இருந்துட்டான்ல, பழகிருச்சு. அந்தா, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, மடியில பையை வச்சுக்கிட்டு வெளியவே பாத்துக்கிட்டு இருக்கான் பாருங்க, அவன்தான். நான் ஏறுனப்ப 'வாங்க மச்சான்'னு எந்திரிச்சு எடம் குடுத்தான். எனக்கு அந்தப் பக்கம் வெயிலு ஒத்துக்காது, அதான் இங்கிட்டு வந்துட்டேன்.

ராக்குகிட்ட மனுவை நீட்டுனேன். ஊருலயே என் பேச்சை முழுசாக் கேட்ட ஆளு நீதான் ராக்கு, நீ போட்டா ஊரே போட்ட மாதிரின்னேன். அது வாங்கிப் படிக்கல. மனுவையும் பாக்கல, என்னையத்தான் பாத்துச்சு. கோவமா இருந்தா எனக்குப் பதில் சொல்லத் தெரியும். கோவம் இல்ல.

"அன்னைக்கு மதினிக்கு என்னண்ணே சொன்னீக?"ன்னு கேட்டுச்சு.

மழை வருது, அள்ளுன்னேன், அதான் எல்லாருக்கும் தெரியுமேன்னு சொன்னேன்.

"எனக்கும் அப்படிச் சொல்லியிருக்கலாம்லண்ணே. எனக்கு மரியாதை வேணாம். இனிமே என்னைக்கும் குடுக்காதீக."

அம்புட்டுத்தான். பஸ்ஸு வந்திருச்சு. புள்ள கையைச் சட்டையிலேருந்து பிரிச்சு எடுத்துக்கிட்டு ஒதுங்கி நின்னுச்சு. கையெழுத்துப் போடல.

ஏழு தடவை மனசுல ஓட்டிப் பாத்துட்டேன் தம்பி, ஒண்ணும் புடிபடல. நீங்க படிச்சவரு, நீங்களாச்சும் சொல்லுங்க. காடு கரை பெருசாக் கெடையாது எனக்கு. யாருக்கும் எடுத்துக் குடுக்கிற மாதிரி கையில ஒண்ணும் இருந்ததில்ல. வாயி ஒண்ணுதான் இருந்துச்சு, அதை வச்சு முப்பது வருசமா ஊருக்கு நான் குடுத்தது அந்த மரியாதை ஒண்ணுதான். அதை வேணாங்குது அந்தப் பொண்ணு. வேற என்னத்தக் குடுக்கிறது நான்?